சபாபதி சார் கொடுத்த தபால் பை

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குத் தபால் பையோடு அலுவலகப் படி ஏற வந்தேன். வழக்கமாக முதல் மாடித் திருப்பத்தில் நின்று பையை வாங்கிக்கொள்ளும் டபேதார் முனுசாமி, அன்று கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "சூப்பரண்டு ஐயா பூட்டாரும்மா. சபாபதி ஐயா. விடிகாலைல நெஞ்ச வலிக்குதுன்னாராம், அவ்ளோதான். மந்தைவெளி வூட்லதான் வெச்சிகீறாங்கோ" என்றார். நான் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு வருடத்தில் அந்தப் பையைத் தரையில் வைத்தது அதுதான் முதல் தடவை. தரையில் வைக்கக் கூடாது என்பது அவர் சொல்லித் தந்தது.

நம் அலுவலக மலரைப் படிக்கிறவர்களில் பலர் அவரிடம் சிவப்புக் கோடு வாங்கியவர்கள்தான். போன வருடம் அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்த சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். பதினோரு வருடம் நம் பிரிவின் கண்காணிப்பாளராக இருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. கடைநிலை ஊழியர்களைக்கூட ஒருமையில் கூப்பிட மாட்டார். தாமதமாக வந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தால் நின்றபடியே படித்துவிட்டு, "காரணம் எழுதுங்கம்மா, கதை எழுதாதீங்க" என்று திருப்பித் தருவார். எனக்கு மட்டும் ஆறு தடவை திருப்பித் தந்திருக்கிறார். பஸ் நடுவழியில் நின்றது, குழந்தை சீருடையில் வாந்தி எடுத்தது என்று நான் எழுதியதெல்லாம் நடந்ததுதான். ஆனால் நான் அதை ஒன்றரைப் பக்கம் எழுதுவேன். அவருக்கு ஒரு வரி போதும்.

அப்போதும் இப்போது போலத்தான், பத்து மணி அலுவலகம், பத்து நிமிடம் சலுகை. பத்து பத்துக்கு முனுசாமி வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு, அதிகாரி அறைக்குப் போய்விடுவார். சபாபதி சார் வந்ததும் மாடிக்குப் போய், கையெழுத்தில்லாத கட்டங்களில் சிவப்பு மையால் கோடு கிழிப்பார். மூன்று கோட்டுக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு போயிற்று. இதில் எங்கள் வயிற்றெரிச்சலுக்குக் காரணமான விஷயம் ஒன்று உண்டு. கோடு கிழிக்கிற அவரே பத்து இருபதுக்குத்தான் வருவார்.

அதற்குக் காரணம் தபால் பை. நம் அலுவலகம் முன்பு மயிலாப்பூரில் இருந்தது. தி.நகருக்கு மாறிய பிறகும் தபால் பெட்டி மட்டும் மயிலாப்பூர் தபால் நிலையத்திலேயே தங்கிவிட்டது. நமக்கு வரும் கடிதங்களை ஒரு காக்கிப் பையில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மந்தைவெளியில் குடியிருந்த சார் அதை சைக்கிளில் எடுத்துவருவார். அது அலுவலக வேலை. ஆகவே அவருடைய நாள் தபால் நிலையத்தில் தொடங்கியதாகக் கணக்கு, அவர் கட்டத்தில் கோடு விழாது. டபேதாரை அனுப்பலாமே, இவர் ஏன் சுமக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். தாமதமாக வர நல்ல வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார் என்றுதான் நான் சொல்லித் திரிந்தேன்.

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஜூனில் என் காலைகள் தலைகீழாகின. என் கணவருக்கு அம்பத்தூர் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். விடியும் முன் கிளம்பிவிடுவார். மகள் பிரியா அப்போது ஒன்றாம் வகுப்பு. மாட வீதிப் பக்கம் பள்ளி, எட்டே முக்காலுக்கு மணி அடிப்பார்கள். அவளை விட்டுவிட்டு 12பி பிடித்தால் ஒன்பதரைக்கே அலுவலகம் போய்விடலாம். அந்த ஜூனில் பள்ளியில் கட்டட வேலை தொடங்கியது. ஜல்லி லாரிகள் வந்து போகும்வரை சின்னக் குழந்தைகளை உள்ளே விட முடியாது, மூன்றாம் வகுப்பு வரை ஒன்பதரைக்குத்தான் பள்ளி, ஒன்பது இருபதுக்கு முன் கேட் திறக்காது என்று அரைத்தாளில் சுற்றறிக்கை வந்தது. அந்த முக்கால் மணி நேரம் என்னைப் படுத்திய பாட்டைக் குழந்தையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். "சீக்கிரம் விட்டா பொறுப்பு யாரும்மா எடுத்துக்கறது?" என்றார். அவர் கேட்டதும் தப்பில்லை. கேட்டுக்கு எதிரே பூ விற்கும் அம்மாளிடம் சில நாள் விட்டுவிட்டுப் போனேன். ஒருநாள் அந்த அம்மாள் கடை போடவில்லை. அன்று பஸ் ஸ்டாப்பில் பாதி ஜடை பின்னிய குழந்தையோடு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன்.

கேட் திறந்து குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு நான் பஸ் ஏறும்போது ஒன்பதரை தாண்டிவிடும். பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைத்தால் பத்தே கால், கிடைக்காவிட்டால் பத்தரை. ஆகஸ்ட் முடிவதற்குள் என் தற்செயல் விடுப்பு முழுவதையும் சிவப்புக் கோடு தின்றுவிட்டது. பல நாள் சபாபதி சாரும் நானும் ஒரே நேரத்தில்தான் படி ஏறுவோம். அவர் தோளில் பை, என் தோளில் சாப்பாட்டுப் பை. "வாங்கம்மா" என்று மரியாதையாக வழிவிடுவார். நான் போய் நாற்காலியில் உட்காருவேன். அவர் மாடிக்குப் போய் எனக்குக் கோடு போட்டுவிட்டு வருவார்.

செப்டம்பரில் பிரியாவுக்குக் காய்ச்சல். எனக்கு லீவு இல்லை. அனலாகக் கொதித்த குழந்தையைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், "நீ வருவேன்னு வாசல்லயே உட்கார்ந்திருந்தா" என்றார்கள். மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது, பள்ளியில் விட்டுவிட்டு வந்தேன். படியில் அவரும் நானும் சேர்ந்தே ஏறினோம். மேஜையில் என் பெயருக்கு மெமோ காத்திருந்தது. எனக்கு எப்போதுமே வாய் நீளம். அன்று அது என் பேச்சைக் கேட்கவில்லை.

"நீங்க மட்டும் பத்தே காலுக்கு மேல வரலாமா சார்? உங்க தோள்ல ஒரு பை இருக்கு, அதனால கோடு இல்ல. என் கையில ஒரு குழந்தை இருக்கு, அதுக்குக் கோடு. அந்தப் பையை யார் வேணா தூக்கலாம். என் குழந்தையை யார் தூக்குவா?" என்றேன். பிரிவில் இருந்த பதினான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சார் மேஜையில் பையை வைத்தார், பூட்டைத் திறந்தார், கடிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தேதி முத்திரை குத்தினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக் கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், அங்கிருந்து தபால் நிலையம் நடக்கிற தூரமா, குழந்தை மூன்றாம் வகுப்பு முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டு, ஒரு காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். விசாரணை ஆரம்பித்துவிட்டது, ஊர் மாற்றம்தான் என்று நினைத்தேன். மறுநாள் அதிகாரி கையெழுத்தோடு ஆணை வந்தது. மறு ஆணை வரும்வரை மயிலாப்பூர் தபால் நிலையத்திலிருந்து பையை எடுத்துவரும் பணி எனக்கு. சார் பைச் சாவியைத் தன் வளையத்திலிருந்து கழற்றி என் முன்னால் வைத்தார். "இது சலுகை இல்லம்மா, வேலை. பையைத் தரையில வைக்காதீங்க. நனைய விடாதீங்க. தேவை முடிஞ்சதும் சொல்லுங்க" என்றார். அலுவலகத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஒட்டிச் சொல்கிற வாசகம் என்று அந்தக் கடைசி வரியை நான் காதிலேயே வாங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒன்பது ஐம்பதுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். நான் பத்து இருபதுக்குப் பையோடு வருவேன், கோடு கிடையாது. சூப்பரண்டின் கையிலிருந்தே பையைப் பிடுங்கியவள் என்று எனக்குப் பெயர் வந்தது. யூனியன்காரர்கள்கூட வந்து பாராட்டினார்கள். நானும் அதை மறுக்கவில்லை. சொன்னால் வெட்கம், கொஞ்ச நாள் தலை கனத்துத்தான் திரிந்தேன். பஸ்ஸில் காக்கிப் பையை மடியில் வைத்திருப்பதைப் பார்த்துக் கண்டக்டர், "இன்னாம்மா, போஸ்ட்மேன் வேலைக்குப் பொம்பளைங்களையும் எட்த்துட்டாங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்பேன்.

அடுத்த வருடம் ஒரு நவம்பர் காலை. விடாத மழை. பள்ளி விடுமுறை என்று வானொலியில் சொன்னதை நான் கேட்கவில்லை. அந்த நேரம் மின்சாரம் இல்லை. முழங்கால் தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் கேட் பூட்டியிருக்கிறது. திரும்பிப் போய் விட்டுவர வீட்டில் ஆள் இல்லை. குழந்தையையும் பையையும் ஒரே பிளாஸ்டிக் தாளில் மூடிக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தேன். பிரிவுக்குள் குழந்தைகளைக் கூட்டிவரக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியவரே அவர்தான். அவர் முதலில் பையைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. பிறகு குழந்தையைப் பார்த்தார். தன் மேஜைப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். தேதி முத்திரையையும் பழைய தாள்களையும் அவளிடம் கொடுத்தார்.

பிரியா முத்திரை குத்திக்கொண்டிருக்க, அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "ஸ்கூலுக்கு யார் கூடப் போறீங்க?"

"அம்மா கூட."

"வழியில என்ன பேசிக்குவீங்க?"

"அம்மா ஒண்ணும் பேச மாட்டாங்க. சீக்கிரம் நட, சீக்கிரம் நடன்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

எனக்குக் காது சுட்டது. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பேசிக்கிட்டே போங்கம்மா. வழியிலதான் பிள்ளைங்க சொல்லும். இந்த வயசுக்கு மேல சொல்லாது" என்றார். சொந்த விஷயம் என்று அவர் என்னிடம் பேசியது அந்தப் பதினோரு வருடத்தில் அதுதான். மறுநாளிலிருந்து நான் பேசினேன். கேட் வரை பத்து நிமிட நடை. டீச்சர் கொண்டை ஏன் பெரியது, கோயில் குளத்து மீன் ராத்திரி எங்கே தூங்கும், யார் யாரோடு டூ விட்டார்கள் என்று எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டும். அவள் குழந்தைப் பருவத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நடையில் தெரிந்துகொண்டதுதான்.

தொண்ணூற்று நான்கு ஜூனில் பிரியா நான்காம் வகுப்புக்கு வந்தாள். பெரிய வகுப்பு நேரம் எட்டே முக்கால். பக்கத்து வீட்டுப் பெண்களோடு தானாகவே நடந்து போகத் தொடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பை தேவையில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் பையைத் திருப்பித் தரவில்லை. காலையில் குழந்தை போன பிறகு ஆற அமர இரண்டாவது காபி, பத்திரிகை, லஸ் முனையில் காய்கறி, பிறகு தபால் நிலையம். பத்து இருபது வரை என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. அந்த சுகம் பழகிவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் வாரம் சார் என் மேஜைப் பக்கம் வந்து, "பாப்பா இப்ப எத்தனாவது?" என்று கேட்பார். "நாலாவது சார்", "அஞ்சாவது சார்", "ஆறாவது சார்" என்று நான் சந்தோஷமாகச் சொல்வேன். "நல்லது" என்று போய்விடுவார். மறக்காமல் விசாரிக்கிறாரே, நல்ல மனிதர் என்று நினைத்துக்கொள்வேன். போன வருடம் மாலை போட்டு வழியனுப்பிய அன்றும் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து அதையே கேட்டார். "ஏழாவது சார்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை முனுசாமியும் நானும் பன்னிரண்டு மணிக்கு மந்தைவெளி போய்ச் சேர்ந்தோம். சின்ன வீடு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதே வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் பேனா இல்லை. சுற்றுச்சுவரில் அவருடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. நான் மாலை போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். கல்லூரியில் படிக்கிற வயசுப் பெண் ஒருத்தி, அழுது முகம் வீங்கியிருந்தது, என்னிடம் வந்தாள். அவருக்கு ஒரே மகள், பெயர் உமா என்பது மட்டும் எனக்குத் தெரியும். மனைவி எப்போதோ இறந்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

"நீங்க விஜயா ஆன்ட்டிதானே? தபால் பை எடுத்துட்டு வர்றவங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

"உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன். சின்ன வயசுல உங்க மேல பயங்கர கோபம். உங்க பொண்ணு மேலயும்தான், அவளை நான் பார்த்ததே இல்ல" என்றாள். அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

"அம்மா போனப்ப நான் ஆறாவது. அதுக்கப்புறம் வீட்டுல நாங்க ரெண்டு பேரும் பேசறதே இல்ல. எதிர்ல உட்கார்ந்தா அவருக்கும் வராது, எனக்கும் வராது. காலைல சாந்தோம்ல என்னை ஸ்கூல்ல இறக்கிவிட்டுட்டுத்தான் போஸ்ட் ஆபீஸ் போவாரு. எனக்கும் ஒன்பதரைதான். பின்னாடி கேரியர்ல உட்கார்ந்து எல்லாத்தையும் அவர் முதுகுகிட்ட சொல்லுவேன். அவர் திரும்பாமலே பதில் சொல்லுவாரு. அவ்வளவுதான் எங்க பேச்சு. அதுக்காகத்தான் ஆபீஸ்ல கேட்டு அந்தப் பையை வாங்கினாராம்."

சைக்கிளை நான் பார்த்தேன். பின்னால் கேரியரில் இன்னும் ஒரு சின்ன மெத்தை கட்டியிருந்தது.

"எட்டாவது படிக்கறப்ப ஒருநாள் சாயங்காலம் வந்து, நாளையிலேருந்து நீ பஸ்ல போம்மா, நீ பெரிய பொண்ணாயிட்டேன்னாரு. ஆபீஸ்ல ஒருத்தங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கு, அவங்க கேட்டது நியாயம்தான்னாரு. நான் அழுதேன். கொஞ்ச நாள்தாம்மா, தேவை முடிஞ்சதும் அவங்களே சொல்லுவாங்கன்னாரு. ஒவ்வொரு வருஷமும் ஸ்கூல் திறக்கறப்ப கேப்பேன், பை வந்துடுச்சாப்பான்னு. அவங்க பாப்பா இன்னும் சின்னதும்மான்னு சொல்லுவாரு. பன்னெண்டாவது வரைக்கும் கேட்டேன் ஆன்ட்டி. அப்புறம் காலேஜ், பஸ் பாஸ், எல்லாம் மாறிப்போச்சு."

பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். "உங்க பாப்பா இப்ப தனியா போறாளா?"

"போறா."

"எப்பலேருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் ஒரு பெண்ணைத் தேற்றச் சொல்கிற பொய்யை யார் குற்றம் சொல்லப்போகிறார்கள். ஆனால் உள்ளே படுத்திருந்தவர், காரணம் எழுதுங்கம்மா என்று சொன்னவர். "நாலு வருஷமாம்மா" என்றேன். அவள் மனதுக்குள் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. பதினொன்றாவது, பன்னிரண்டாவது. இரண்டு வருடக் காலைகள். நான் காபி குடித்துக்கொண்டிருந்த காலைகள். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வரேன் ஆன்ட்டி" என்று போய்விட்டாள். கோபமாகவும் போகவில்லை, ஆறுதலாகவும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது முனுசாமி கேட்டார், "ஏம்மா இப்டி அய்துகினே வர்ற? ஐயா ஒனக்கு அவ்ளோ கோடு போட்டாரே."

மறுநாள் காலையில் பிரியாவோடு பள்ளிவரை நடந்தேன். அவள் இப்போது எட்டாவது. அன்று உமாவுக்கு இருந்த வயது. "நீ எதுக்கும்மா வர்றே, எனக்கு வழி தெரியாதா?" என்றாள். சும்மாதான் என்றேன். பத்து நிமிடமும் நான்தான் பேசினேன். அவள் "ம்" கொட்டினாள். கேட்டில் தோழிகளைக் கண்டதும் நடையை வேகமாக்கினாள். இந்த வயதுக்கு மேல் சொல்லாது என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் உமா பன்னிரண்டாவது வரைக்கும் சொல்லக் காத்திருந்தாள். அதனால் நான் இன்னும் கொஞ்ச நாள் நடந்து பார்க்கப்போகிறேன்.

நம் பிரிவில் தட்டச்சர் நூர்ஜஹானை உங்களுக்குத் தெரியும். ராயப்பேட்டையிலிருந்து வருகிறவள். மகனை லஸ் பக்கம் எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, பதிவேடு மாடிக்குப் போய்விட்டதா என்று முனுசாமியின் முகத்தைப் பார்க்கிறவள். எட்டு மாதமாக எனக்கு மூன்று மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு விழுகிற கோடுகளை நான் தினமும் பார்த்தேன். அந்தக் கோடும் என் தோளில் இருந்த பையும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று ஒருநாளும் தோன்றவில்லை. எனக்கு ஒரு காலத்தில் தெரிந்திருந்த விஷயம் அது. என் குழந்தை வளர்ந்ததும் மறந்துபோயிற்று.

வியாழக்கிழமை புதிய கண்காணிப்பாளரிடம் போய் ஆணையை மாற்றித் தரச் சொன்னேன். ஒரு வரியில் காரணம் எழுதினேன். சாவியை நூர்ஜஹான் மேஜையில் வைத்தபோது அவள் பயந்துவிட்டாள். "எனக்கு எதுக்கு மேடம்? உங்களுக்குக் கஷ்டம் இல்லையா?" என்றாள். பையைத் தரையில் வைக்கக் கூடாது, நனைய விடக் கூடாது என்று சொன்னேன். தேவை முடிந்ததும் சொல்லு என்றும் சொன்னேன். அவள் தலையாட்டிய விதத்தில் அதைக் காதில் வாங்கவில்லை என்று தெரிந்தது. அதனால் இரண்டாவது தடவையும் சொன்னேன். அவள் மகன் தனியாக நடந்து போகிற வயதுக்கு வரும்வரை ஒவ்வொரு ஜூனிலும் போய்க் கேட்பேன். நான் கேட்பது நலம் விசாரிப்பது மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுவேன்.

பையும் சாவியும் இனி என்னிடம் இல்லை. சபாபதி சாருடையது என்று என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு வாசகம்தான். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான், அதையும் உத்தரவாகக் கேட்கவில்லை. நானே வந்து சொல்வேன் என்று நம்பி, மகளிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தார். அதை இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். உமா படிக்க நேர்ந்தால் அவளுக்கும் சேர்த்து.

தேவை முடிந்துவிட்டது, சார். நாலு வருடம் தாமதமாகச் சொல்கிறேன். கோடு போட்டுக்கொள்ளுங்கள்.